நோயாளியின் உரிமையும் கடமையும்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

மருத்துவமனையின் வாசற்படியை மிதிக்காத குடும்பம் இன்று தமிழ்நாட்டில் ஒன்றும் இராது. நம்மில் பெரும்பாலோர் பிறந்ததும் அங்கேதான். ரேஷன் கடையில் அட்டைக்கு எத்தனை கிலோ அரிசி உண்டு, பேருந்தில் எத்தனை கிலோ சுமையை இலவசமாக ஏற்றலாம் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் நாம், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு என்ன உரிமை உண்டு என்று என்றேனும் கேட்டதுண்டா? அவருக்குச் சில கடமைகளும் உண்டு என்பதையாவது எண்ணிப் பார்த்ததுண்டா? இவ்விரண்டையும் பற்றி நான் படித்தவற்றையும் நேரிற் கண்டவற்றையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என்பன அவை. நோயாளிக்கே முதலிடம் தந்திருப்பது கருதத்தக்கது. இதற்கு உரையெழுதிய பரிமேலழகர், ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு இயல்புகளை வகுக்கிறார். நோயாளிக்கு வேண்டுவன எவை? கையில் பொருள் இருக்கவேண்டும். மருத்துவர் சொன்னபடி நடக்கவேண்டும். நோயின் நிலையை எடுத்துச் சொல்லவேண்டும். மருந்து தரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நான்கும் கடமைகளே என்பதைக் கவனியுங்கள். உரிமை என்று ஒன்றுகூட இல்லை. அதிலும் முதற் கடமை பணம் வைத்திருப்பது! இதைக் கேட்டு எங்கள் வகுப்பில் சிலர் சிரித்தனர். ஆனால் இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனை என்ற ஏற்பாடு ஊர்தோறும் வரும்வரை அதுவே நடைமுறையாக இருந்தது. இன்று ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை என வழங்கும் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியே, 1664இல் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காகத் தோன்றியதுதான். ஊர் ஏழைகளுக்காகத் தோன்றியது அன்று.

பரிமேலழகர் சொன்ன மூன்றாவது இயல்பை மட்டும் தனியே எடுத்துக்கொள்வோம். நோயாளி தன் நிலையை மருத்துவருக்குச் சொல்லவேண்டும் என்பது அன்றே உண்டு. மருத்துவர் அதே நிலையை நோயாளிக்குச் சொல்லவேண்டும் என்பதோ நம் காலத்தில் வந்தது. என் கருத்தில் நோயாளியின் உரிமைகளும் கடமைகளும் பெரும்பாலும் இந்த இரண்டு 'சொல்லுதல்'களைச் சுற்றியே அமைந்துள்ளன.

வாசலில் நிறுத்தாதே

சொல்வதும் கேட்பதும் இருக்கட்டும்; முதலில் உள்ளே விடவேண்டுமல்லவா? ஆகையால் அவசர சிகிச்சை உரிமையை முதலில் காண்போம்.

நம் அரசியல் சட்டத்தில் 'மருத்துவ உரிமை' என்று தனியாக ஓர் அடிப்படை உரிமை எழுதப்படவில்லை. 21ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைத் தருகிறது. அந்த ஒரு பிரிவிலிருந்தே உச்ச நீதிமன்றம் மற்றதை வருவித்தது. 1989இல் தீர்ப்பான வழக்கு ஒன்று. ஸ்கூட்டரில் சென்றவர்மீது கார் மோதியது. வழிப்போக்கர் ஒருவர் அடிபட்டவரை அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். இது போலீஸ் சம்பந்தப்பட்ட கேஸ், இங்கே பார்ப்பதில்லை என்று சொல்லி, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறு மருத்துவமனைக்கு அனுப்பினர். வழியிலேயே உயிர் பிரிந்தது. இந்நிகழ்ச்சியைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை வைத்தே பரமானந்த் கட்டாரா என்பவர் வழக்குத் தொடுத்தார். அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் முதலில் உயிரைக் காக்கவேண்டும், காவல்துறைச் சடங்குகள் எல்லாம் பிறகு என்று நீதிமன்றம் விதித்தது.

மற்றொரு வழக்கு வங்காளத்தைச் சேர்ந்தது. 1992 ஜூலையில் விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். அவரை ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றனர். ஓரிடத்தில் கட்டில் இல்லை. ஓரிடத்தில் வசதி இல்லை. கடைசியில் கல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சேர்த்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், இது 21ஆம் பிரிவை மீறிய செயல் என்று கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. அரசிடம் நிதியில்லை என்பதைக் காரணமாகச் சொல்லக்கூடாது என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கினால் நாட்டிலுள்ள அனைவருக்கும் கிடைத்த உரிமை இது என்பதை மறத்தலாகாது.

நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இவ்வழியில் வந்ததே. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரத்துக்குத் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை உண்டு. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரும் அஞ்சவேண்டியதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவர் தம் பெயர் விலாசத்தைக்கூடச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பைக்கில் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் இதை நினைவில் வைப்பார்களாக.

கையெழுத்து

இனி மருத்துவர் நோயாளிக்குச் சொல்லுதல்.

என் தந்தையார் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்ற ஆண்டு குடலிறக்கத்துக்காக ஓர் அரசு மருத்துவமனையில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே, அறுவைக்கு முதல் நாள் மாலை ஊழியர் ஒருவர் ஒரு தாளை நீட்டியபோது, என் தந்தை அதைத் தொட்டும் பாராமல் என் பக்கம் தள்ளினார். இரு பக்கமும் ஆங்கிலம். அடியில் கோடிட்ட இடத்தில் கையெழுத்து. பக்கத்துக் கட்டில்காரர்கள் அனைவரும் படிக்காமலே போட்டுவிட்டிருந்தனர். சிலர் கைநாட்டு வைத்திருந்தனர். ஊழியருக்கு இன்னும் பத்துக் கட்டில் பாக்கி. "சீக்கிரம் போடச் சொல்லுங்க தம்பி" என்றார்.

நான் படித்தேன். பாடநூலின் ஆங்கிலம் வேறு, அந்தத் தாளின் ஆங்கிலம் வேறு. அறுவையின் தன்மையும் அதனால் வரக்கூடிய தீங்குகளும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன என்று என் தந்தையே சொல்வதுபோல் அதில் அச்சிடப்பட்டிருந்தது. அதுவரை யாரும் எதையும் விளக்கவில்லை. அவ்வழியே வந்த பயிற்சி மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, வயிற்றுச் சுவரையும் அதில் விழுந்துள்ள இடைவெளியையும் அதன் வழியே குடல் பிதுங்குவதையும் பேனாவால் வரைந்து காட்டினார். ஒரு வலையை வைத்து அவ்விடத்தைப் பலப்படுத்தித் தைப்பார்கள் என்றார். சீழ் பிடிக்கலாம், மிகச் சிலருக்குத் திரும்பவும் வரலாம், செய்யாமல் விட்டால் குடல் சிக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் மறைக்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். என் தந்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மறுபடி எப்ப மூட்டை தூக்கலாம் டாக்டரம்மா?"

"மூணு மாசத்துக்கு வெயிட் எதுவும் தூக்கக் கூடாதுங்க ஐயா."

அந்த இரண்டு பக்கத் தாளில் இச்செய்தி எங்கும் இல்லை. எங்கள் வீட்டுக்கோ அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. அன்றிரவே என் தாயார் வராண்டாவில் உட்கார்ந்து மூன்று மாதக் கணக்குப் போட்டார். மண்டியில் சொல்லி, எடை எழுதும் இடத்தில் எடுபிடி வேலைக்கு என் தந்தையை வைத்துக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்தோம். தெரியாமல் இருந்திருந்தால் பத்தாம் நாளே மூட்டைக்குக் கீழே போய் நின்றிருப்பார்.

'அறிந்து அளிக்கும் ஒப்புதல்' என்று சட்டம் கூறுவது இதைத்தான். இதைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு 2008 ஜனவரியில் வந்தது. 1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் மருத்துவரிடம் சென்றார். உள்ளே என்ன கோளாறு என்று கருவி வைத்துப் பார்ப்பதற்கு ஒப்புதல் தந்து மயக்க நிலையில் இருந்தார். அப்போது மருத்துவர் வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் பெற்று, அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. வயது வந்த, அறிவு தெளிவாக உள்ள ஒருவருக்குப் பதிலாக அவர் தாய்கூட ஒப்புதல் தரமுடியாது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்ததாகாது. உடனே செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலை மட்டுமே விலக்கு என்றது. சிகிச்சை எத்தகையது, எதற்காக, பயன் என்ன, வேறு வழி உண்டா, கணிசமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன ஆகும் என்பனவற்றை நோயாளிக்குச் சொல்லவேண்டும் என்றும் விதித்தது.

ஆனால் அத்தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. மேலைநாடுகளில் சிலவற்றில் உள்ளதுபோல் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லவேண்டும் என்ற கண்டிப்பான விதியை நம் நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்நாட்டில் மருத்துவம் தேடி வருவோரிற் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், உடலுறுப்புகளின் செயல்களையோ மருத்துவச் சொற்களையோ அவர்களால் புரிந்துகொள்ள இயலாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு மருத்துவருக்கு ஒரு நாளில் நூறு நோயாளிகள் என்ற நம் நாட்டு நிலையை நான் அறிவேன். ஆயினும் இக்காரணத்தை மட்டும் என்னால் ஒப்ப இயலவில்லை. புரியாதது நோயாளியின் அறிவுக் குறைவினாலா, சொல்லும் மொழியினாலா? மூன்றாம் வகுப்பு படித்தவருக்கு ஓ.பி. சீட்டின் பின்பக்கப் படம் ஐந்து நிமிடத்தில் புரிந்தது. இரண்டு பக்க ஆங்கிலத் தாள் ஐந்து மணி நேரம் ஆனாலும் புரிந்திராது.

நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும் என்பது இன்று எழுதப்பட்ட உரிமையே. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் 17 உரிமைகள் கொண்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்தின் வரைவைத் தயாரித்தது. அதையொட்டிய ஒரு பட்டியலை 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பி, மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தக் கேட்டுக்கொண்டது. வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்டல், கட்டண விவரத்தை முன்னரே அறிதல், மருந்தையும் சோதனையையும் விருப்பமான இடத்தில் பெறுதல், பில் பாக்கி என்பதற்காக நோயாளியையோ இறந்தவர் உடலையோ நிறுத்தி வைக்காதிருத்தல் முதலியன அதில் உள்ளன. சாசனம் தனிச் சட்டம் அன்று; ஏற்கெனவே சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடந்தவற்றின் தொகுப்பு எனலாம். ஆண் மருத்துவர் பெண் நோயாளியைச் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. இது பல பெண்களுக்குத் தெரியாது; என் தாயாருக்கும் நான் சொல்லித்தான் தெரிந்தது.

இங்கே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் முகாமில் சாலை அமைக்கிறோம், மரம் நடுகிறோம். அனுமதி பெற்று, வாரத்தில் இரண்டு நாள், ஆறேழு பேர் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் நின்று, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சீட்டைப் படித்துச் சொன்னால் என்ன? என் தந்தையின் வார்டில் இருந்த நான்கு நாளில் ஒன்பது பேருக்குப் படித்துச் சொன்னேன். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மருந்துக் கவுண்ட்டர் எந்தப் பக்கம், ரத்தம் எடுப்பது எத்தனையாவது அறையில், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொன்னாலே போதும்.

நோயாளி சொல்லவேண்டியது

உரிமையைப் பற்றிப் பேசும்போது கைதட்டுவது எளிது. கடமையைப் பற்றிப் பேசினால் எவருக்கும் சலிப்பு வரும். ஆனால் அறிவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இப்பகுதியே சுவையானது. ஏனெனில் இதில் ஒவ்வொரு கடமைக்குப் பின்னும் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது.

அறுவைக்குச் சில வாரம் முன்பு, மயக்க மருத்துவர் என் தந்தையைச் சோதித்தார். "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா ஐயா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்று தந்தை சொல்லி முடிப்பதற்குள், பின்னாலிருந்து என் தாயார், "டாக்டர்கிட்டயே பொய்யா? ஒரு நாளைக்கு ஒரு கட்டு சார்" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள், மருத்துவரைத் தவிர. புகைப்பவர் நுரையீரலில் சளி மிகுதி. மயக்கத்தின்போதும் அதன் பின்னும் மூச்சுத் தொல்லை வரலாம். அதுமட்டுமன்று, அறுவை முடிந்தபின் இருமினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடித் தைத்த இடம் பிரியும். குடலிறக்கம் வருவதற்கே நாட்பட்ட இருமலும் ஒரு காரணமாம். பீடியை நிறுத்தச் சொல்லி, மூச்சுப் பயிற்சி கற்பித்து, அறுவை நாளைத் தள்ளிவைத்தார். தாயார் வாய் திறக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை.

வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற விதியைப் பாருங்கள். பொதுவாகத் திட உணவு என்றால் ஆறு மணி நேரமும், தண்ணீர் போன்ற தெளிந்த நீர் என்றால் இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும். ஏன்? விழித்திருக்கும்போது உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் உடனே புரையேறி இருமி வெளியேற்றிவிடுகிறோம். மயக்கத்தில் அந்த அனிச்சைச் செயல் நின்றுவிடுகிறது. அப்போது வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலில் இறங்கினால்? நம் இரைப்பையில் இருப்பது நாம் ஆய்வகத்தில் பிப்பெட்டால் எடுக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது நுரையீரலின் மெல்லிய சுவரில் பட்டால் விளைவு என்ன என்பதை வேதியியல் மாணவருக்குச் சொல்லவேண்டுமா? ஆனால் வார்டில் என்ன நடக்கிறது? பாவம், பசியோடு இருக்கிறாரே என்று இரக்கப்பட்டு, விடியற்காலையில் ஒரு டம்ளர் பால் காப்பியை உறவினரே கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவர் கேட்டால் எதுவும் சாப்பிடவில்லை என்கிறார்கள். அறுவை தள்ளிப்போய்விடுமோ என்ற பயம். அன்பினால் செய்யும் இச்செயலைவிட ஆபத்தானது வேறில்லை. பால் கலந்த காப்பி தெளிந்த நீர் அன்று. அதை உணவாகவே கொள்ளவேண்டும்.

அடுத்து, உண்டுவரும் மருந்துகளைச் சொல்லுதல். நெஞ்சுவலிக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் அறுவைக்குப் போனால் இரத்தம் எளிதில் நிற்காது. நாட்டு மருந்தும் இவ்வாறே. ஆங்கில மருத்துவர் திட்டுவார் என்று பலர் சூரணம், லேகியம் சாப்பிடுவதை மறைக்கிறார்கள். மூலிகை ஆனாலும் மாத்திரை ஆனாலும் ஈரலும் சிறுநீரகமும் ஒன்றுதான். இரண்டும் அவற்றின் வழியாகத்தான் வெளியேறவேண்டும்.

பாராசிட்டமால் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத எனக்கு ஆசை. குரோசின், டோலோ, கால்பால் எனப் பெயர் பல. உள்ளிருக்கும் பொருள் ஒன்றே. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாகாது. ஈரலில் இதன் சிறு பகுதி ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. ஈரலில் உள்ள குளூட்டாதயோன் என்ற சேர்மம் அதைப் பிணைத்து வெளியேற்றிவிடுகிறது. அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், மிச்ச நச்சு ஈரல் செல்களைக் கொல்கிறது. உடல்வலிக்கு ஒரு கடையில், காய்ச்சலுக்கு ஓர் ஆஸ்பத்திரியில், சளிக்குப் பக்கத்து வீட்டில் என்று மூன்று பெயரில் ஒரே மருந்தைச் சாப்பிடுபவர், தாம் மூன்று மருந்து சாப்பிடுவதாகவே நினைக்கிறார். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளில் 2016இல் ஒரு திருத்தம் வந்தது. மருந்தின் பொதுப் பெயரை, தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் மருத்துவர் எழுதவேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவர் தெளிவாக எழுதுவது நோயாளியின் உரிமை; பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நோயாளியின் கடமை. ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது.

வார்டில்

ஒழுங்கைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பார்வையாளர் நேரம், செருப்பைக் கழற்றுதல், எச்சில் துப்பாமை ஆகியவை சுவரில் எழுதித்தான் இருக்கின்றன. ஒரு கட்டிலுக்கு எட்டுப் பேர் வந்து நிற்பது பாசம் என்று நாம் நினைக்கிறோம். புண்ணோடு படுத்திருப்பவருக்கு அது எட்டு வீட்டுக் கிருமி.

டிராலி தள்ளுவதற்கும் குழந்தை பிறந்த செய்தி சொல்வதற்கும் காசு கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. எங்களிடமும் கேட்டார்கள். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றமே. வற்புறுத்தலினால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். வலியில் துடிப்பவரை டிராலியில் வைத்துக்கொண்டு எவர் ஏழு நாள் கணக்குப் பார்ப்பார்? ஆகவே இதில் பெரும்பழியை நோயாளிமீது சுமத்த எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க இயலாது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைப் பட்டப்பகலில் ஓர் இளைஞர் கத்தியால் குத்தினார். குத்தியவரின் தாயார் அங்கே சிகிச்சை பெற்றவர். நல்லவேளையாக மருத்துவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் தமிழகமெங்கும் மருத்துவர்கள் போராட்டம் செய்தனர். அதனால் அன்று புறநோயாளிப் பிரிவில் காத்துக்கிடந்தவர்கள் யார்? எங்களைப் போன்றவர்களே. மருத்துவப் பணியாளரைத் தாக்குவதையும் மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்துவதையும் தடுக்க 2008லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எந்நிலையிலும் வன்முறையில் இறங்கலாகாது என்பது மனித உரிமை ஆணையத்தின் சாசனத்தில் நோயாளியின் பொறுப்புகளுள் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது.

குறையிருந்தால்

அப்படியானால் உண்மையாகவே தவறு நடந்தால் என்ன செய்வது? இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று தீர்ப்பளித்தது. ஆனால் எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை அதில் அடங்காது. அதாவது, பணம் கொடுத்தவர் நுகர்வோர் மன்றம் செல்லலாம்; இலவசமாகப் பெற்ற ஏழை செல்ல இயலாது. பரிமேலழகர் சொன்ன முதல் இயல்பு வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது போலும்!

அதற்காக அரசு மருத்துவமனை கேள்விக்கு அப்பாற்பட்டது என்று எண்ணவேண்டாம். 1963இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு தாயின் வயிற்றுக்குள் துணியொன்றை வைத்துத் தைத்துவிட்டனர், அவர் இறந்துபோனார். குடும்பத்தார் சிவில் நீதிமன்றத்தில் வழக்காடினர். அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புக் கூறிற்று. தொகை 36,000 ரூபாய். தாய் இறந்து 33 ஆண்டுகளுக்குப் பின்! இத்தனை காலம் எல்லாராலும் காத்திருக்க இயலாது. சிறிய குறையை முதலில் மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்துமூலம் தரலாம். 104 என்ற தொலைபேசி எண்ணிலும் கூறலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆவணம். எனவே கடைசியாக அதைப் பற்றி. முற்கூறிய 2002ஆம் ஆண்டு விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மருத்துவர் பாதுகாக்கவேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும். இதற்கு வக்கீல் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாள் போதும். நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், வார்டு, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி ஆகியவற்றை எழுதி, என்னென்ன நகல் வேண்டும் என்பதையும் குறிப்பிட்டு, இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் தேதியும் நேரமும் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். 72 மணி நேரக் கணக்கு அப்போதிலிருந்துதான் தொடங்குகிறது.